கோளாறு தெரிந்தே ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது: சேலத்திலிருந்து சில கேள்விகள், பதில்கள்

சங்ககிரியில் லாரித் தொழில் செய்த வீட்டில் பிறந்தவன் நான். இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரிலிருந்து 2007-ஆம் ஆண்டு போர்ஷே கேமன் எஸ் ஒன்றை வாங்கினேன். இன்ஜினில் சத்தம் இருக்கிறது என்று விற்றவரே சொல்லித்தான் விற்றார். அன்றிலிருந்து கல்யாண வீடானாலும் சரி, ஐந்து ரோட்டு டீக்கடையானாலும் சரி, யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப்போய் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

கோளாறு உள்ள காரைத் தெரிந்தே எதற்காக வாங்க வேண்டும்?

நல்ல காருக்குக் காசு போதவில்லை. உண்மையான காரணம் அதுதான். அதற்கு மேல் ஒரு நியாயமும் இருக்கிறது. பேர் தெரிந்த கோளாறுக்கு விலை போட முடியும். 'இன்ஜின் சும்மா கும்மென்று இருக்கிறது' என்று புரோக்கர் சொல்லும் காருக்கு விலை போட முடியாது. என் அப்பா பழைய லாரி பார்க்கப் போனால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்பவரிடம் அதிக நேரம் நிற்க மாட்டார். கியர் பெட்டி போய்விட்டது என்று சொல்பவரிடம் உட்கார்ந்து பேசுவார்.

மொத்தக் கணக்கை எப்படிப் போடுவது?

அப்பாவிடம் நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு இருந்தது. இடப்பக்கம் 'வாங்கியது' என்று ஒரே ஒரு தொகை. வலப்பக்கம் 'வாங்கியதால் ஆனது' என்று பக்கம் நிறைய வரிகள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் இடப்பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நான் சொல்லும் முறை இது. கையில் இருக்கும் மொத்தப் பணத்தை முதலில் எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து இன்ஜினை இறக்கிப் பிரித்துக் கட்டும் செலவை இன்றே கழித்துவிடுங்கள். கார் இன்றைக்கு நன்றாக ஓடினாலும் கழியுங்கள். அந்தத் தொகையைக் காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே இரண்டு பட்டறைகளில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 7 லட்சம் என்று சொன்னால் 9 லட்சம் என்று எழுதுங்கள். பிரித்த பிறகு 'உள்ளே இன்னும் கொஞ்சம் இருக்கிறது' என்று தொலைபேசி வராத இன்ஜினை நான் பார்த்ததில்லை. மிச்சம் 21. டயர், பிரேக், கூலன்ட் குழாய்கள், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி என்று முதல் ஆண்டில் வரும் பாக்கி வேலைகளுக்கு 3 லட்சம். பெயர் மாற்றம், வரி, காப்பீடு, காரைக் கொண்டுவரும் செலவு எல்லாம் சேர்த்து 2 லட்சம். ஆகமொத்தம் நீங்கள் பார்க்க வேண்டியது 16 லட்சத்துக் கார். 30 லட்சத்துக் கார் அல்ல, 25 லட்சத்துக் காரும் அல்ல. இந்த எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் காருக்கு உங்கள் பட்டறை சொல்லும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். கழிக்கும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

இன்ஜினுக்கு ஒதுக்கியதை நான் தனி வைப்புநிதியாகப் போட்டுவைத்தேன். சேமிப்புக் கணக்கில் கிடந்தால் அது அலாய் வீலாக மாறிவிடும்.

போர்ஷே இன்ஜினில் அப்படி என்னதான் கோளாறு?

தண்ணீரால் குளிரும் எம்96, எம்97 இன்ஜின்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. பாக்ஸ்டர், கேமன், 911 ஆகியவற்றில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2008 வரை இருந்தவை. இவற்றில் பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டை நேராகச் சுற்றுவதில்லை. நடுவில் ஓர் இடைத்தண்டு இருக்கிறது. அதிலிருந்து சங்கிலி வழியாக கேம் ஷாஃப்டுக்கு ஓட்டம் போகிறது. இந்த இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்குவது மூடிய பால் பேரிங். நாள்பட அதன் மூடி தளர்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸை இன்ஜின் ஆயில் கழுவிவிடுகிறது. பேரிங் உடைந்தால் சங்கிலியின் நேரம் தப்பி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்கு மேல் அதை இன்ஜின் என்று சொல்ல முடியாது.

எந்த ஆண்டு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொடக்ககால இன்ஜின்களில் இரட்டை வரிசை பேரிங். அது ஓரளவு தாங்கியது. சுமார் 2000 முதல் 2005 வரை வந்த ஒற்றை வரிசைதான் பெயரைக் கெடுத்தது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான கார்களின் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குத் தொடுத்து, 2013-இல் சமரசம் ஆனது. 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங். அது உடைவது அரிது. ஆனால் இன்ஜினை இரண்டாகப் பிளக்காமல் அதை மாற்ற முடியாது. பழைய சிறிய பேரிங்கை கியர் பெட்டியை இறக்கினாலே மாற்றிவிடலாம். அப்படி இறக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

என் காரில் பயம் பேரிங்கைப் பற்றியது அல்ல, சிலிண்டரைப் பற்றியது. இந்த இன்ஜின்களின் சிலிண்டர் சுவர் சிலிக்கான் கலந்த அலுமினியப் பரப்பு. பிஸ்டனின் பக்கவாட்டுப் பூச்சு தேய்ந்தால் சுவரில் நெடுக்குக் கோடுகள் விழும். லாரிப் பட்டறையில் சிலிண்டர் துளையைப் 'போர்' என்பார்கள், 'போர் கீறிவிட்டது' என்று சொல்வார்கள். 3.4, 3.6, 3.8 லிட்டர் இன்ஜின்களில் இது அதிகம், 2.7 லிட்டரில் குறைவு. அடையாளம்: ஆயில் குடிக்கும், புகைக்குழாயில் கரி படியும், ஒரு பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று தட்டும். 1,000 கிலோமீட்டருக்கு 1.5 லிட்டர் ஆயில் வரை செலவாகலாம் என்று தயாரித்தவர்களின் கையேடே சொல்கிறது. அப்படிக் குடிக்கும் லாரியை என் அப்பா வாசலில் நிறுத்தவே விட்டிருக்க மாட்டார்.

மூன்றாவது சின்னது. பேர் மட்டும்தான் பெரிது: காற்று-ஆயில் பிரிப்பான். இன்ஜினுக்குள் எழும் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்தெடுப்பது அது. அதன் சவ்வு கிழிந்தால் பின்னால் வெள்ளைப் புகை மூட்டமாகக் கிளம்பும். ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் எனக்கு அது நடந்தது. பின்னால் வந்த பஸ்ஸின் நடத்துநர் தீ என்று நினைத்துத் தண்ணீர்க் குடத்துடன் ஓடிவந்தார். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்ஜினை உடனே அணைப்பது. ஆயிலை உறிஞ்சிக்கொண்டே ஓடினால் சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

2009-க்குப் பிந்தைய காரை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லையே?

இடைத்தண்டுத் தலைவலி இல்லை. 2009 மாடலிலிருந்து வந்த புதிய இன்ஜினில் இடைத்தண்டே கிடையாது. விலையும் அதற்கேற்ப ஏறி நிற்கும். அந்த விலை வித்தியாசம் உங்கள் இன்ஜின் ஒதுக்கீட்டைவிடக் குறைவாக இருந்தால் யோசிக்காமல் புதியதையே வாங்குங்கள். பலர் இந்த எளிய கழித்தலைக்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை.

போர்ஷே வேண்டாம், பிஎம்டபிள்யூ அல்லது ஆடி வாங்கினால்?

காரை மாற்றினால் நோய் மாறும், அவ்வளவுதான். 2007 முதல் 2013 வரை வந்த பிஎம்டபிள்யூ எம்3-யின் 4 லிட்டர் வி8 இன்ஜினில், பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேயும். ஆனால் உடைவதற்கு முன்பே கீழிருந்து மாற்றிவிடலாம் என்பதால், செலவை நாமே நாள் குறித்துச் செய்யலாம். அந்த வகையில் அது நல்ல நோய். அதே பிஎம்டபிள்யூ குழுமத்தின் மினி கூப்பர் எஸ்ஸின் முதல் சில ஆண்டு டர்போ இன்ஜின்களில் டைமிங் சங்கிலியின் இழுவிசைக் கருவி தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கிலுகிலுப்பை ஆட்டுவது போலக் கேட்டால் அதுதான். ஆடி டிடி-யின் பிந்தைய 2 லிட்டர் டர்போவிலும் சங்கிலித் தொல்லை, ஆயில் குடிக்கும் தொல்லை இரண்டும் உண்டு. ஆனால் அதே குடும்பத்து இன்ஜின் ஸ்கோடா லாராவிலும் சூப்பர்பிலும் வந்திருக்கிறது. உதிரி பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள். முதல் முறை வாங்குபவர் சேலத்திலிருந்து கேட்டால் நான் டிடி பக்கம்தான் கை காட்டுவேன். நான் ஏன் அதை வாங்கவில்லை என்று கேட்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில், இன்ஜின் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கேமனில் அது இருக்கைகளுக்குப் பின்னால் மூடிக்குள் கிடக்கிறது. முன்பக்கத்தைத் திறந்தாலும் பின்பக்கத்தைத் திறந்தாலும் பெட்டி வைக்கும் இடம்தான். எனக்கு முதலில் வேறொரு காரைக் காட்டிய புரோக்கர் முன் மூடியைத் திறந்து, 'பாருங்கள் சார், எவ்வளவு சுத்தம்' என்றார். சுத்தமாகத்தான் இருந்தது. அங்கே ஒன்றுமே இல்லையே!

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்கள் போய்ச் சேர வேண்டும். வருவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புகளில் மினுங்கும் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, பேரிங் பக்கம் சந்தேகம். ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியம், சிலிண்டர் பக்கம் சந்தேகம். ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டு ஆறு சிலிண்டர்களையும் படம் எடுக்க வேண்டும். முடிந்தால் கீழே ஆயில் தொட்டியைக் கழற்றி அந்தப் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கீறல் பல நேரம் மேலிருந்து தெரியாது. கம்ப்யூட்டரைச் செருகினால், இன்ஜின் எத்தனை முறை அளவு மீறிச் சுற்றியது, கேம் ஷாஃப்ட் எவ்வளவு விலகியிருக்கிறது என்பவையும் தெரியும்.

இந்தப் பரிசோதனைக்கு ஆகும் பணத்தைக் கார் வாங்காவிட்டாலும் போன பணமாகவே எழுதுங்கள். நான் மூன்று கார்களுக்குக் கொடுத்தேன், ஒன்றைத்தான் வாங்கினேன். என் காரில் ஒரு சிலிண்டரில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அந்தப் படத்தை விற்பவர் முன் வைத்துத்தான் விலை பேசினேன்.

கிலோமீட்டர் குறைவாக ஓடிய கார்தானே நல்லது?

ஸ்கூட்டருக்குச் சரி. இந்த இன்ஜின்களுக்கு இல்லை. மாதத்துக்கு ஒரு நாள் வெளியே எடுத்து, சூடு ஏறுவதற்குள் மறுபடி மூடிவைக்கும் கார்களில் ஆயிலில் ஈரம் தங்குகிறது, பேரிங்கும் சீலும் கெடுகின்றன. 18,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரைவிட, 60,000 ஓடி, ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய ரசீது உள்ள கார் மேல். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரில் கோடு ஆழமாக இருந்தாலும் வயது ஏறியிருந்தால் நான்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

இன்ஜின் போயே போய்விட்டால் என்ன வழி?

மூன்று வழிகள். நன்றாகப் பிரித்து, சிலிண்டர்களுக்குப் புது லைனர், அதாவது உள்ளுறை, போட்டுக் கட்டுவது. செலவு அதிகம், மாதக்கணக்கில் ஆகும், ஆனால் நோய் தீர்ந்துவிடும். இன்னொரு பழைய இன்ஜினைத் தேடி வாங்கிப் பொருத்துவது இரண்டாவது. விலை குறைவாகத் தெரியும். ஆனால் அந்த இன்ஜினுக்கும் இதே நோய் இருக்கலாம். அதோடு இன்ஜின் எண் மாறுவதால் ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். வாங்கிய ரசீது இல்லாமல் அலுவலகத்தில் போய் நின்றால் வேலை நடக்காது. மூன்றாவது, அப்படியே விற்றுவிட்டு நஷ்டத்தோடு விலகுவது. இதை யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. காரை உதிரிக்காக விற்றால் என்ன கிடைக்கும் என்பதையும் வாங்கும் நாளிலேயே நோட்டில் எழுதிவையுங்கள்.

சேலத்தில் இதற்கு யார் வேலை பார்ப்பார்கள்?

ஆயில், பிரேக், குழாய் மாற்றுவது, டயர் வேலை எல்லாம் இங்கேயே முடியும். லேத் வேலைக்குச் சேலத்திலும் சங்ககிரியிலும் இருக்கும் கைகளை நான் எந்த ஊருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இன்ஜினைத் திறக்க வேண்டுமென்றால், அந்த இன்ஜினை ஏற்கெனவே திறந்தவரிடம்தான் போக வேண்டும். அதற்குப் பெங்களூரு, கோவை, சென்னை என்று பயணம்தான். பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர், கோவை சுமார் 160. கார் தானாக ஓடிப் போகும் என்று எண்ணாதீர்கள். லாரியில் ஏற்றி அனுப்பும் வாடகையையும் எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளலாம். கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காதீர்கள், அதுவும் தொப்பூர் கணவாயில்.

ஒரு முறை நான் சிக்கனம் பார்த்து, பழக்கமில்லாத ஒருவரிடம் கூலன்ட் தொட்டியை மாற்றக் கொடுத்தேன். உள்ளே காற்று தங்கிவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் சூடு ஏறி, தண்ணீர் பம்பும் போயிற்று. மிச்சம் பிடித்ததைப் போல நான்கு மடங்கு ஆனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்தவன் நான்.

வேறு மாநிலக் காரென்றால் காகிதச் செலவு எவ்வளவு?

கர்நாடகப் பதிவு என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் கட்டாயம். வரி காரின் வயதையும் விலையையும் பொறுத்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடன் பாக்கி ஆர்.சி.யில் ஏறியிருந்தால் அது நீங்கிய சான்று கைக்கு வரும் வரை பணம் கைமாறக் கூடாது.

இதைவிடப் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல், உள்நாட்டுக் காருக்கு 5,000 ரூபாய் என்றால் இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்கு 2025-இல் 80,000 ஆக்கிவிட்டார்கள். 2005, 2006-ஆம் ஆண்டுக் கார் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கான பசுமை வரி தனி.

இன்ஜின் போனால் காப்பீட்டில் கிடைக்காதா?

கிடைக்காது. தேய்மானத்தால் கெடும் இன்ஜினுக்குச் சாதாரணக் காப்பீடு பணம் தராது. 'இன்ஜின் பாதுகாப்பு' என்று கூடுதலாக விற்பதும் வெள்ளத்தில் தண்ணீர் ஏறுவது, அடிபட்டு ஆயில் ஒழுகுவது போன்றவற்றுக்குத்தான். மூன்றாம் நபர் காப்பீடு 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2022-இல் அறிவித்த கட்டணப்படி 7,897 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில் காரின் மதிப்பை நிறுவனத்துடன் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக விற்பவருக்குக் கிடைத்த கோரிக்கையில்லாச் சலுகை (நோ கிளைம் போனஸ்) உங்களுக்கு வராது. அது அவருடனேயே போய்விடும்.

ஏற்காடு மலைப் பாதையில் ஓட்டலாமா?

அதற்குத்தானே வாங்கியது! சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 1,500 மீட்டருக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறோம். இன்ஜினுக்கு நல்ல பரீட்சை. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் சேர்வதற்குள் தண்ணீர்ச் சூடு முள் நடுவுக்கு வந்துவிடும். ஆனால் ஆயில் சூடாக இன்னும் நேரம் ஆகும். முதல் சில வளைவுகளை மெதுவாக ஏறுங்கள். குளிர்ந்த இன்ஜினை மிதிப்பதுதான் சிலிண்டர் சுவரைக் கீறும் வேலை. அதற்காக மேல் கியரில் முனக விட்டும் ஏற்றாதீர்கள், அதுவும் கெடுதல். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து கிளட்ச் பிளேட்டைத்தான் தேய்ப்பீர்கள்.

இந்தக் கார்களின் ரேடியேட்டர்கள் முன் மூக்கின் இரு பக்கமும் இருக்கின்றன. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் சருகுகள் அங்கே போய் அடைந்துகொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை முன் பம்பரைக் கழற்றி அள்ளுங்கள். என் காரில் முதல் முறை அள்ளியபோது ஒரு பை நிறைந்தது. கூலி சில ஆயிரம். அள்ளாவிட்டால் ரேடியேட்டர் அரித்து ஓட்டை விழும்.

இ20 பெட்ரோல் பழைய காருக்கு ஒத்துவருமா?

இந்தக் கார்கள் 20 சதவீத எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களை முதல் ஆண்டிலேயே மாற்றிவிடுங்கள். டேங்க்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

கடன் வாங்கி வாங்கலாமா?

வேண்டாம். தவணை கட்டும் மாதமும் இன்ஜின் படுக்கும் மாதமும் ஒன்றாக வந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

நோட்டைக் காட்டினேன். என் மனைவி இடப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. வலப்பக்கத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, 'இதில் தவறு இருக்கிறது, ஆயிலைச் சேர்க்கவில்லை' என்றாள். சரிதான். ஒரு முறை மாற்ற சுமார் எட்டு லிட்டர் போகும் இன்ஜின் அது. அதையும் எழுதிய பிறகுதான் தலையசைத்தாள். வைப்புநிதிச் சான்று அவள் பெயரில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் பிரிப்பான், கூலன்ட் தொட்டி, தண்ணீர் பம்ப், டயர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இன்ஜினை இன்னும் திறக்கவில்லை. சத்தம் இருக்கிறது. ஆயில் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை கேமரா விட்டு, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

ஏற்காட்டு வீட்டில் நிறுத்திவைக்கலாமா?

ஈரம், மூடுபனி, அதற்கும் மேலாக எலி. இருக்கைக்குப் பின்னால் சூடாகக் கிடக்கும் இன்ஜின் எலிக்கு மெத்தை போட்ட வீடு. நண்பர் ஒருவர் மூன்று வாரம் எஸ்டேட்டில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது ஒரு பக்க ஒயர்க்கட்டு முழுக்க மென்று போட்டிருந்தது. ஒயர்க்கட்டு வெளிநாட்டிலிருந்து வர ஏழு வாரம் ஆயிற்று. அதை எந்த வரியில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார்.